வயது வந்தோருக்குப் பாலே கற்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகிழ்ச்சிக்காக மட்டுமே பாலே கற்க வரும் வயது வந்தோருக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் புதிய ஆசிரியர்களைக் கவனிக்கும்போது, எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் செய்த அதே தவறுகளே மீண்டும் நடப்பதைக் காண்கிறேன். உடலைச் சூடேற்றாமல் வகுப்பைத் தொடங்குவது போன்ற எல்லோரும் அறிந்த பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பாதங்களை 180 பாகைக்குத் திருப்பச் சொல்வது

இந்த ஒன்று இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. குதிகால்கள் ஒட்டி நிற்கும் முதல் நிலையில் இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்று, முதல் வகுப்பிலேயே மாணவர்களை வற்புறுத்துகிறார்கள். டர்ன்அவுட் எனப்படும் அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டியது. தொடை எலும்பின் கழுத்து அமைந்திருக்கும் கோணம், இடுப்புக் குழியின் ஆழம், மூட்டைச் சுற்றியுள்ள நார்களின் இளக்கம் ஆகியவையே அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. வளர்ச்சி முடிந்த உடலில் எலும்பின் அமைப்பைப் பயிற்சியால் மாற்ற இயலாது. முழங்கால்களை மடக்கி, பாதங்களை விரித்து ஊன்றி, பிறகு கால்களை நிமிர்த்தினால், இடுப்பு தராத மீதியைத் தரையின் உராய்வு தந்துவிடும். பார்வைக்கு 180 பாகை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த முறுக்கை முழங்காலும் கணுக்காலும் சுமக்கின்றன, உள்ளங்கால் வளைவு உட்புறமாகச் சரிகிறது.

வேறொரு வகுப்பில் அழகிய திருப்பம் என்று பாராட்டப்பட்ட பெண்மணி ஒருவர், முழங்காலின் உட்புறத்தில் வலியோடு என்னிடம் வந்தார். முழங்கால்களை மடக்கித் தாழும் பிளியே அசைவைச் செய்யச் சொன்னபோது, அவருடைய முழங்கால்கள் பெருவிரல்களையும் தாண்டி உள்ளே விழுந்தன. முதலில் மருத்துவரிடம் அனுப்பினேன். வலி தணிந்து அவர் திரும்பியதும், கால்களை இணையாக வைத்து, முழங்கால்கள் நேராக இருக்கும்போதே தொடைகளை இடுப்பிலிருந்து மட்டும் திருப்பச் சொன்னேன். இரு பாதங்களுக்கும் இடையே செங்கோணத்தைச் சற்றே தாண்டிய அளவுதான் கிடைத்தது. அந்த அளவில் பிளியே செய்தபோது முழங்கால்கள் இரண்டாம் விரலுக்கு நேராக மடங்கின. ஆடி மகிழ வந்தவரை, தேவையற்ற ஒரு கோணத்துக்காக ஆட முடியாமல் உட்கார வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு பிளியேயிலும் முழங்கால் எந்தத் திசையில் மடங்குகிறது என்று பாருங்கள். அது இரண்டாம் விரலை விட்டு உள்ளே விலகினால், பாதங்களின் கோணத்தை உடனே குறைக்கச் சொல்லுங்கள். இடுப்பின் ஆழத்தில் உள்ள சுழற்றும் தசைகள் வலுப்பெறும்போது, உடல் அனுமதிக்கும் திருப்பத்தை மாணவர் ஆடும்போதும் தக்கவைத்துக்கொள்வார்.

ஒரே மூச்சில் பல திருத்தங்கள்

ஒரு பயிற்சிக்கு ஒன்று போதும்.

இறங்கும்போது குதிகால் தரையைத் தொடாத குதிப்புகள்

உடனே நிறுத்துங்கள்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடியே வகுப்பை முடிப்பது

அவர்கள் ஆடுவதற்காக வந்திருக்கிறார்கள். எளிய வால்ட்ஸ் அடவாக இருந்தாலும், கூடத்தின் குறுக்கே இசையோடு நகர்ந்து ஆட ஒவ்வொரு வகுப்பிலும் நேரம் ஒதுக்குங்கள்.

ஆசைக்கு இணங்கிப் பாயிண்ட் காலணி அணிவிப்பது

விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான இந்தக் காலணியை வயதை வைத்து மறுக்கவும் வேண்டாம், ஆர்வத்தை வைத்து அனுமதிக்கவும் வேண்டாம். ஒற்றைக் காலில் ரெலவே, அதாவது குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் எழும் அசைவை, பலமுறை தொடர்ந்து செய்யும்போது கணுக்கால் ஆடாமலும் முழங்கால் தளராமலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் மென்மையான காலணியிலேயே தொடரச் சொல்லி, காரணத்தையும் அவர்களிடம் விளக்குங்கள்.