ஆய்வறிக்கையில் விரிசல் என்று இருந்தால்

வீடு வாங்கப் போகிறவர்கள், அந்த வீட்டின் நிலையைப் பரிசோதித்து எழுதிய ஆய்வறிக்கையும் கையுமாக வந்து என்னிடம் முதலில் கேட்பது, "விலையில் எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்?" என்பதுதான். கட்டமைப்புப் பொறியாளனான என் கேள்வி வேறு. குறை எதனால் வந்தது? இன்னும் வளர்கிறதா? இது தெரியாமல் பேசும் பேரம் வீண்.

அறிக்கையில் வரும் "மேலும் ஆய்வு தேவை" என்ற வரியைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆய்வாளர் கண்ணுக்கு எட்டாததை நாசூக்காகச் சொல்லும் இடம் அது. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பொறியாளரைத் தனியாக அழைத்துக் காட்டுங்கள். பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரர் இப்போது வேண்டாம். வேலை கிடைத்தால் லாபம் அடைபவரிடம் வேலை தேவையா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

பூச்சில் வலைபோல் படர்ந்த மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் சிமென்ட் காய்ந்ததால் வந்தவை. விட்டுவிடலாம். ஜன்னல் மூலையில் கிளம்பி, செங்கல் வரிசைகளில் படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசல்தான் கவலைக்குரியது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சுவரின் ஒரு முனை இறங்கியிருக்கலாம். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் ஒட்டடையும் அடைந்திருந்தால் பழையது. விளிம்பு கூர்மையாக, சுத்தமாக இருந்தால் புதியது. அடைத்த இடத்திலேயே மறுபடி பிளந்திருந்தால் அசைவு நிற்கவில்லை என்று பொருள். களிமண் நிலத்தில் ஈரம் ஏறி இறங்க விரிசலும் திறந்து மூடும். எனவே ஒரு வார அளவை நம்ப முடியாது. விற்பவரிடம் பழைய புகைப்படங்களைக் கேளுங்கள். குடும்ப விழாப் படங்களில் பின்னாலுள்ள சுவர் பொய் சொல்வதில்லை.

பீம் தூணைத் தொடும் இடத்தருகே சாய்வான விரிசல் தெரிந்தால், பொறியாளர் பார்க்கும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

கூரையின் அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே கான்கிரீட் பிளந்து பழுப்புக் கறை தெரிகிறதா? துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். மேலே சிமென்ட் பூசினால் உள்ளே துரு தொடரும். முதலில் நீர்க்கசிவை நிறுத்த வேண்டும். பிறகு கம்பியின் பின்புறம்வரை கொத்தி, துரு நீக்கி, தேய்ந்த கம்பிக்கு ஈடாகப் புதுக் கம்பி சேர்த்து, அதற்குரிய கலவையால் நிரப்ப வேண்டும். மதிப்பீட்டில் இந்தப் படிகள் இல்லையென்றால் அது அலங்கார வேலைக்கான மதிப்பீடு.

காரணம் உறுதியான பிறகு, பொறியாளர் எழுதித்தந்த வேலைப் பட்டியலைக் கொடுத்து இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். கொத்திய பிறகே தெரியவரும் சேதத்துக்கும் ஒரு தொகை சேர்த்து, விலையில் குறைக்கச் சொல்லுங்கள். "நாங்களே சரிசெய்து தருகிறோம்" என்பதை நான் விரும்புவதில்லை. விற்றுவிட்டுப் போகிறவரின் பழுதுவேலை பெரும்பாலும் பெயின்ட்டோடு முடிகிறது.

சந்தேகமான இடத்தில் பூச்சைக் கொத்திப் பார்க்கவே விற்பவர் மறுத்தால் விலகிவிடுங்கள். சம்மதித்தால், கொத்திய இடத்தை யார் செலவில் மூடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.