மதுரை வெயிலுக்கு ஏசியா, கூலரா? வாங்குவதும் பராமரிப்பதும்

மதுரையில் அறையைச் சூடாக்க யாருக்கும் மெஷின் தேவைப்படாது. மார்கழிக்கு ஒரு போர்வையும் குளிக்க வெந்நீரும் போதும். நமக்குள்ள தொல்லை பங்குனியில் தொடங்கி ஆவணி வரை இழுக்கும் வெக்கை. சித்திரைத் திருவிழா நெருங்கும்போது கடைக்கு ஓடி, இருக்கிற மாடலை வாங்கி, மெக்கானிக் வந்த நேரத்தில் அவசரமாக மாட்டுவதில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது. மாசியிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் கடை இல்லை, மொட்டை மாடி.

மேல்தளத்தில் குடியிருந்தால், மத்தியானம் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து, பதினொரு மணி வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்விப்பது அறையைவிடக் கூரையைத்தான். மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தாலோ, வெள்ளை ஓடு பதித்தாலோ அறைக்குள் 2 முதல் 4 டிகிரி வரை குறையும். செலவைச் சுருக்க வேண்டுமென்றால் சுண்ணாம்பு: கல் சுண்ணாம்பை முந்தைய நாளே நீற்றி, வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து இரண்டு கோட் அடியுங்கள். ஐப்பசி மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் திரும்ப அடிக்க வேண்டியதுதான். மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாது.

கூலர் எப்போது போதும்

கூலர் வேலை செய்வது காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போதுதான். மே மாதம் பகல் 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நல்ல கூலர் ஏறக்குறைய 28 டிகிரியில் காற்று தரும். ஐப்பசியில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் இரண்டரை டிகிரிகூடக் குறைக்காது, உடம்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான். கோடைப் பகலுக்கு மட்டும் வேண்டும் என்பவர் தாராளமாகக் கூலர் வாங்கலாம். வருஷம் பூராவும் இரவுத் தூக்கத்துக்கு என்றால் ஏசிதான்.

12-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் 1,440 கன அடி, அதாவது சுமார் 41 கன மீட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை காற்று மாற வேண்டும் என்று கணக்குப் போட்டால் மணிக்கு 1,220 கன மீட்டர் வருகிறது. பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பாமல் 1,500-க்கு மேல் உள்ளதை எடுங்கள். கூலரைச் சன்னலோரம் வைத்து வெளிக்காற்றை இழுக்க விடுங்கள், எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள். கதவு, சன்னலைப் பூட்டிவிட்டுக் கூலர் ஓட்டினால் அரை மணியில் அறை ஆவி பிடிக்கிற இடமாகிவிடும்.

நம் ஊரில் கூலரைக் கெடுப்பது போர்த் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறி, பேடு (காற்று புகுந்து வரும் ஈரத் தட்டி) வெள்ளைக் கட்டியாக இறுகி, மோட்டார் அடைத்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டியை முழுதாகத் திறந்துவிடுங்கள். படிந்த உப்புக்கு, லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசினால் இறங்கும். வாரம் ஒரு முறை தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டை தண்ணீரை ஒட்டிய சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. வெட்டிவேர் பேடு வாசமாக இருக்கும், சீக்கிரம் மக்கும். தேன்கூட்டு பேடு நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று கோடைக்கு வரும்.

எத்தனை டன்

ஏசியின் டன் எடை இல்லை, குளிர்விக்கும் திறன். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு), சுமார் 3,500 வாட் குளிர்ச்சி. நடுத்தளத்தில் 120 சதுர அடி வரை ஒரு டன் தாங்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் 100 சதுர அடியோடு நிறுத்திக்கொண்டு அதற்கு மேல் ஒன்றரை டன் போடுங்கள். இரண்டு பேருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் 600 பிடியூ சேருங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாக வாங்குவதும் தப்பு: சாதா ஏசி (கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும், இன்வெர்ட்டர் அல்லாத ஏசி) சீக்கிரம் குளிர்ந்து கட்டாகிவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க நேரமே இருக்காது. மழைக்காலத்தில் அறை சில்லென்றும் ஈரமாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஒன்றரை டன் என்று விற்பதெல்லாம் ஒன்றரை டன் கிடையாது. முழுக் கணக்கில் 5,275 வாட் வர வேண்டும். கடையில் 4,700, 4,800 வாட் உள்ளதும் அதே பெயரில்தான் நிற்கும். ஸ்டிக்கரில் குளிர்விக்கும் திறன் எத்தனை வாட் என்று படித்துவிட்டு விலை பேசுங்கள். ஸ்டார் லேபிளில் உள்ள வருஷத்தையும் பாருங்கள், அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய லேபிளின் 5 ஸ்டார் புதிய கணக்கில் அதே ஸ்டாரில் நிற்காது. லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. தினமும் எட்டு மணி நேரம், எட்டு மாதம் ஓட்டினால் அதைத் தாண்டிவிடுவீர்கள். அப்படி ஓட்டுகிற வீட்டுக்கு 5 ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு திரும்பி வரும். விருந்தாளி அறைக்கு 3 ஸ்டார் போதும்.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு எட்டு மணி நேரத்துக்கு 5 முதல் 7 யூனிட் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு 300 முதல் 420. இதோடு ஃப்ரிட்ஜ், மோட்டார் சேர்ந்தால் 500 யூனிட்டைத் தொடும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101-ஆவது யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை வந்துவிடும். 24 டிகிரி வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும், ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்.

மாட்டும் அன்று பக்கத்தில் நில்லுங்கள்

ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 20 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினால் தானே கட்டாகும் சுவிட்ச்). எர்த் இருக்கிறதா என்பதை மீட்டர் வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் வோல்டேஜ் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய வர வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் பழைய எர்த் குழி வேலை செய்யாது, அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். டவுனுக்கு வெளியே, இரவு ஏழு முதல் பத்து மணிக்குள் வோல்டேஜை அளந்து பார்த்து, ஏசியின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கினால் 4 கேவிஏ ஸ்டெபிலைசர் போடுங்கள்.

அவுட்டோரை (வெளியே மாட்டும் பெட்டியை) மேற்கு வெயிலில், முன்னால் சுவர் அடைக்கிற சந்தில் மாட்ட விடாதீர்கள். பின்னால் ஒரு அடி, முன்னால் குறைந்தது இரண்டு, மூன்று அடி காற்றோட்டம் வேண்டும். செம்புக் குழாயை இணைத்த பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வாக்கம் பம்ப் 15, 20 நிமிடம் ஓட வேண்டும், நிறுத்தி ஐந்து நிமிடம் கேஜ் முள் ஏறாமல் நிற்க வேண்டும். பம்ப் கொண்டுவராமல், உள்ளிருக்கும் குளிரூட்டும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு "ஏர் எடுத்தாச்சு" என்பார்கள். குழாய்க்குள் தங்கும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரை அரிக்கும். கோளாறு இரண்டு வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும், அப்போது மாட்டியவர் போனை எடுக்கமாட்டார். டிரைன் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்து போக வேண்டும். அந்தத் தண்ணீரில் உப்பில்லை, செடிக்கும் கூலருக்கும் ஊற்றலாம். பேட்டரிக்கு வேண்டாம், தூசியும் உலோகமும் கலந்திருக்கும்.

கழுவுவது

ஃபில்டரைக் கோடையில் 15 நாளுக்கு ஒரு முறை கழுவுங்கள். தண்ணீரை உள்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி வந்த வழியே வெளியேறும். வெளிப்பக்கம் அடித்தால் வலைக்குள் அமுங்கிவிடும். நிழலில் காயவைத்து மாட்டுங்கள். செல்லூர் தறிப் பகுதியிலும் விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளிலும் 15 நாள் என்பது நீளம். பஞ்சுத் தூசி ஒரு வாரத்திலேயே ஃபில்டரை ஜமக்காளமாக்கிவிடும். டார்ச் அடித்து, காற்று வரும் வாய்க்குள் இருக்கும் உருளையைப் பாருங்கள். அதன் இதழ்களில் கறுப்பாக ரோமம் போல் படிந்திருந்தால் ஃபில்டர் கழுவிப் பயனில்லை, வாட்டர் சர்வீஸுக்குக் கூப்பிட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ்: மாசியில் ஒன்று, ஆவணி, புரட்டாசியில் ஒன்று.

அவுட்டோரைக் கழுவும்போது எம்சிபியை இறக்கிவிட்டு, தண்ணீரை நேராக அடிக்க வேண்டும். சாய்த்தோ அதிக வேகத்திலோ அடித்தால் அலுமினியத் தகடு படுத்துக்கொள்ளும், காற்று புகாது. போர்த் தண்ணீரில் கழுவினால் கடைசியில் இரண்டு வாளி நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த உப்பே தகட்டை அரிக்கும். பிசிபி (எலக்ட்ரானிக் போர்டு) பெட்டியின் ஒயர் ஓட்டைகளை அடைத்துவிடச் சொல்லுங்கள். பல்லி உள்ளே புகுந்து போர்டு கருகுவது இங்கே சாதாரணம். குழாய் மேலுள்ள கறுப்பு ஸ்பாஞ்சை அணில் கடித்திருந்தால் டேப் சுற்றுங்கள்.

"கேஸ் இல்லை" என்று சொன்னால்

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்கிற சாமான் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் கேஸ் போட்டால் அடுத்த கோடையிலும் அதே பில்தான். முதலில் நீங்களே பாருங்கள். காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வையுங்கள். 15 நிமிடம் ஓடிய பிறகு 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் சரி, அறைதான் பெரிது அல்லது சூடு அதிகம். வித்தியாசம் குறைந்தால் ஃபில்டர், இண்டோர் காயில், அவுட்டோர் காயில், அவுட்டோர் ஃபேன் என்ற வரிசையில் பாருங்கள். சாதா ஏசியில் அவுட்டோர் உறுமிவிட்டு நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், சின்னச் செலவு.

இண்டோர் காயில் முழுக்க ஒரே சீராக ஐஸ் பிடித்தால் காற்று அடைப்பு. காயிலின் ஒரு பக்கம் மட்டும், அல்லது அவுட்டோரின் மெல்லிய குழாய் நட்டில் மட்டும் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு. நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வரும். கேஸ் போடுகிறவரிடம் தராசு இருக்க வேண்டும்: ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை. இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜைப் பார்த்து மட்டும் போட்டால் அளவு தப்பும். ஏசி கேஸ் வகைகளில் ஆர்32 லேசாகவும் ஆர்290 நன்றாகவும் தீப்பிடிக்கும். கேஸை வெளியேற்றாமல் குழாயில் வெல்டு வைக்க விடாதீர்கள்.

அலுவலகமும் வெந்நீரும்

அலுவலகத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே அரை டன் போய்விடும், கம்ப்யூட்டர் தனி. 400 சதுர அடிக்கு ஒரு பெரிய மெஷினுக்குப் பதில் இரண்டு 2 டன் போடுங்கள். ஒன்று படுத்தாலும் வேலை நிற்காது, கூட்டம் குறைந்தால் ஒன்றை நிறுத்தலாம். வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பிசிபி, கம்ப்ரஸர், கேஸ் மூன்றும் சேர்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பல ஒப்பந்தங்களில் இருப்பது கழுவும் கூலி மட்டும்.

கீசருக்கும் எதிரி அதே உப்புத் தண்ணீர்தான். உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், தொட்டிக்குப் பதில் தான் அரிபடுவதற்காக. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றுங்கள். சூட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் எலிமென்டில் உப்புப் படிவது குறையும். தண்ணீர் சூடாக நேரம் எடுத்து, உள்ளே மடமடவென்று சத்தம் கேட்டால் எலிமென்ட் உப்பில் மூடியிருக்கிறது. கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறப்போடுங்கள்.