கேதார்கந்தாவில் வழுக்குவது பனி அல்ல: டிசம்பர் ட்ரெக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் நமக்கு எல்லாமே பனிதான். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனி, ஊட்டியில் ஜனவரி காலையில் வெள்ளையாகப் படிவதும் பனி, இமயமலையில் முழங்கால் வரை புதைவதும் பனி. டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலை உச்சிக்குக் கிளம்புகிறவர்கள் இந்த மூன்றாவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் நான்காவது: பாதையில் இறுகிக் கிடக்கும் ஐஸ்.

புதிதாக விழுந்த பனியில் கால் புதையும். அதனால் பிடிமானம் கிடைக்கும். அதே பாதையில் நாள் முழுக்கப் பல பேர் நடந்து மிதித்தால் பனி அழுந்திவிடும். பகல் வெயிலில் மேல்பகுதி லேசாக உருகி, இரவில் கண்ணாடி மாதிரி உறையும். சீசன் தொடக்கத்தில் பனி மெல்லிசாக இருப்பதால் இது சீக்கிரமே நடக்கும். மர நிழலிலும், வடக்குப் பார்த்த சரிவுகளிலும், ஓடை நீர் பாதைக்கு வழிந்த இடங்களிலும் மதியமானாலும் இளகாது.

இதற்குத்தான் மைக்ரோஸ்பைக்ஸ், அதாவது ஷூவுக்கு மேல் ரப்பர் பட்டையால் மாட்டும், அடிப்பக்கம் இரும்புப் பல் வைத்த உறை. பலரும் இதை வாடகைக்கு வாங்கிப் பையின் அடியில் வைத்துவிட்டு, ஒரு முறை விழுந்த பிறகுதான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான், இடுப்பு வலி ஒரு வாரம் இருந்தது. ஐஸ் தொடங்கும் முன்பே, சமதளத்தில் நின்று மாட்டுங்கள். ட்ரெக் தொடங்கும் ஊரான சாங்க்ரியில் வாங்கும்போதே உங்கள் ஷூவில் மாட்டி, நாலு எட்டு நடந்து பாருங்கள். ரப்பர் தளர்ந்திருந்தால் பாதி வழியில் கழன்றுவிடும். நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றாமல், முழுப் பாதத்தையும் பதித்துச் சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். எதிரே கோவேறு கழுதை வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள், மலையை ஒட்டி நில்லுங்கள்.

அடுத்த தவறு, வேர்வை. குளிருமே என்று தெர்மல், ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்குவோம். இருபது நிமிடத்தில் உள்ளே நனைந்துவிடும். ஓய்வுக்கு உட்கார்ந்ததும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் இந்த விஷயத்தில் மோசம், நனைந்தால் காயவே காயாது. கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், பரவாயில்லை. நின்றதும் ஜாக்கெட்டைப் போடுங்கள், நடந்ததும் கழற்றுங்கள். சலிப்பான வேலைதான். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸைத் தனியாக வையுங்கள், அதை நடக்கப் போடவே கூடாது.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் உறையும், அதனால் மூடிப் பக்கம் அடைக்காது. போனும் பவர் பேங்க்கும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கட்டும். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு அல்ல, பனியில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.

உயரத்தால் வரும் தலைவலியை மறைப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. சாங்க்ரி சுமார் 6,400 அடி, உச்சி சுமார் 12,500 அடி. கடல் மட்டத்தில் வாழும் சென்னைக்காரர் சில நாட்களுக்குள் அங்கே நிற்கிறார். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் வழிகாட்டியிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. தடுமாற்றமோ குழப்பமோ வந்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்கும்போது ஒரு விளையாட்டு உண்டு. உச்சிக்குக் கீழே உள்ள சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வருவார்கள். சிறுவயதுச் சறுக்குமரம் மாதிரி ஜாலிதான், நானே செய்திருக்கிறேன். ஆனால் ஸ்பைக்ஸைக் கழற்றாமல் சறுக்கினால் பல் பனியில் சிக்கிக் கால் அங்கேயே நிற்கும். உடம்பு மட்டும் கீழே போகும். கணுக்கால் முறிய அது போதும். சரிவு முடியும் இடத்தில் பாறையோ மரமோ இருக்கிறதா என்று தெரியாவிட்டால் நடந்தே இறங்குங்கள்.