ஆறாவது பாகத்தோடு படுத்த பாட்காஸ்ட்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தும் எங்கள் சங்கத்தின் பாட்காஸ்ட் ஆறாவது பாகத்தோடு படுத்துவிட்டது. பேச ஆள் இல்லை என்று நினைத்தோம். உண்மையில் எடிட்டிங்தான் என் கழுத்தை நெரித்தது: மொட்டைச் சுவர் அறையில் எதிரொலி, ஜன்னலுக்கு வெளியே மோனோரயில். மைக்கை மாற்றிப் பார்த்தேன், காசுதான் போனது.

அப்புறம் சங்கத்து அக்கா ஒருவர் வீட்டில், புடவை அலமாரியைத் திறந்து வைத்து, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்துப் பேசினோம். எதிரொலியைக் காணோம்! துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்ச உறுமலுக்கு, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினேன்.

இப்போது பதிவுக்காக வாராவாரம் ஓடுவதில்லை. மாதம் ஒரு ஞாயிறு, அந்த மாதத்தின் நான்கு பாகங்களையும் ஒரே மூச்சில் பதிந்துவிடுகிறோம். பசியாறத் தோசை வாங்கி வைத்தால் தன்னார்வலர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.