தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? முற்றத்தில் பானை வைக்குமுன்

யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல் ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும். விடியமுன் அடுப்பு மூட்டி, வெயில் ஏறுமுன் படைத்து, பத்து மணிக்கெல்லாம் அயலுக்குக் கொடுத்தனுப்பி முற்றத்தையும் கூட்டிவிடுவார்கள். அதற்கான வேலை முழுக்க முந்திய இரண்டு மூன்று நாட்களில் நடப்பது. முதல்நாள் இரவு கொழும்பில் இறங்கி, விடிய ஊர் சேர்ந்து பொங்கலாம் என்று ரிக்கற் போடுகிறவர்கள் மாமி வீட்டுப் பொங்கலைச் சாப்பிடலாம். தங்கள் வளவில் பொங்க முடியாது. குறைந்தது மூன்று நாள் முன்னதாக ஊரில் நில்லுங்கள். பூட்டிக் கிடந்த வீடென்றால் ஐந்து நாள் வேண்டும். கிணறு இறைக்க வேண்டும், முற்றத்துப் புல் செதுக்க வேண்டும், மழையில் நனைந்த விறகுக்கு மாற்று விறகு தேட வேண்டும். கொழும்பிலிருந்து வரும் ரயில், இரவுப் பேருந்து ஆசனங்கள் பொங்கலையொட்டி விரைவில் நிரம்பிவிடும். விமானச் சீட்டோடு அதையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

திகதியை நாட்காட்டியில் 14 என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்க வேண்டாம். சூரியன் மகர ராசிக்குள் புகும் நேரத்தைக் கொண்டுதான் நாள் தீர்மானமாகிறது. 2025இல் ஜனவரி 14, 2024இலும் 2026இலும் ஜனவரி 15. பொங்கும் நேரத்துக்கு ஊரில் இரண்டு பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன: இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம், மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம். இரண்டும் சொல்லும் நேரம் ஒன்றாக இருக்கவேண்டுமென்றில்லை. உங்கள் குடும்பக் கோவில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் அயலோடு வாதாடுவது வீண்.

இன்னொன்றையும் சீட்டு எடுக்குமுன்னே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கிட்டிய சொந்தத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், ஆட்டைத்திவசம் (ஓராண்டுத் திவசம்) முடியும்வரை அந்த வீட்டில் பொங்குவதில்லை என்பது பரவலான வழக்கம். இறந்தவர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இறந்திருந்தாலும் துடக்கு (தீட்டு) துடக்குத்தான். எந்த முறைக்காரருக்கு எத்தனை நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பெரியம்மா, பெரியப்பா யாரையாவது தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சாமான் எல்லாம் வாங்கி அடுக்கிய பிறகு, முதல்நாள் பின்னேரம் ஒருவர் வந்து “உங்களுக்கெல்லோ துடக்கு” என்று சொல்லும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

பொங்கலின் பொருள் தெரிந்ததுதான்: சூரியனுக்கும் மண்ணுக்கும் மாட்டுக்கும் நன்றி, உத்தராயண காலத்தின் தொடக்கம், வீடு நிறைய வேண்டும் என்ற வேண்டுதல். பால் பொங்கி வழிவது அந்த நிறைவின் அடையாளம். புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் “இது புது அரிசியா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. புரட்டாதி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்த நெல், பொங்கலன்று பல வயல்களில் இன்னும் கதிராகவே நிற்கும். குடாநாட்டில் புதிது உண்பதற்கென்று உள்ள நாள் தைப்பூசம். அதைப் பிறகு சொல்கிறோம்.

சந்தையில்

திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளில் பொங்கலுக்கு முந்திய இரண்டு நாளும் கால் வைக்க இடமிருக்காது. பானை, சர்க்கரை (வெல்லம்), கஜு (முந்திரிப்பருப்பு) போன்றவற்றை அதற்கும் முன்னரே வாங்கிவிடுங்கள். கரும்பு, இஞ்சி மஞ்சள் கன்று, வாழையிலை, பூ ஆகியவற்றை மட்டும் முதல்நாளுக்கு விடலாம்.

பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சிவப்புப் பச்சையரிசி 500 கிராம், வறுத்துக் கோது நீக்கிய பயறு 125 கிராம், சர்க்கரை 400 முதல் 500 கிராம், தேங்காய் இரண்டு, பசுப்பால் அரை லீற்றர், கஜுவும் முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) 50 கிராம் வீதம், ஏலக்காய் எட்டுப் பத்து, நெய் மூன்று மேசைக்கரண்டி, படைக்கும்போது விடக் கொஞ்சம் தேன். கடையில் சுண்டுக் கணக்கில் சொன்னால் இரண்டரைச் சுண்டு அரிசி போதும்.

அரிசியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். குத்தரிசியும் சிவப்பு, பொங்கலரிசியும் சிவப்பு. குத்தரிசி புழுங்கல், எவ்வளவு நேரம் கொதித்தாலும் மணி மணியாக நிற்கும், குழையாது. “பொங்கலுக்குப் பச்சை” என்று வாய் திறந்து கேட்டு வாங்குங்கள். பயற்றை நீங்களே வறுப்பதென்றால் வாசம் எழும்பியவுடன் இறக்குங்கள். கறுத்துவிட்டால் பானை முழுக்கக் கைக்கும். சர்க்கரைக்குப் பதிலாகப் பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டியும் போடலாம். நிறம் கறுப்பாகும், இனிப்பு சற்றுக் குறையும், ஆனால் அந்த மணம் வேறெதிலும் வராது. பாதிக்குப் பாதி கலப்பது எங்களுக்குப் பிடித்த அளவு. இரண்டிலுமே மண், தும்பு இருக்கும். முதல்நாள் இரவே கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து வையுங்கள். பல்லில் மணல் கடிபடும் பொங்கலைப் பிள்ளைகள் அடுத்த வருடம் தொடமாட்டார்கள்.

பானை

மண்பானைக்கு ஐந்து லீற்றர் கொள்ளளவு வேண்டும். வாங்கும்போது விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் வைத்து, அடியில் கசிவு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி மெல்லிய நெருப்பில் கொதிக்கவைத்து, தானாக ஆறவிடுங்கள். மாச்சத்து நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். பழக்காத பானையை நேரே தென்னம்பாளை நெருப்பில் ஏற்றினால், பால் பொங்குமுன் பானை பிளக்கும். வெறும் பானையைச் சூடாக்கிவிட்டுக் குளிர்ந்த பாலை ஊற்றுவதும் அதே முடிவைத்தான் தரும். இவ்வளவுக்கு நேரமில்லை என்றால் பித்தளை அல்லது அலுமினியச் சருவத்தில் பொங்குங்கள். குறையொன்றுமில்லை, ஊரிலேயே பாதி வீடுகளில் அதுதான். வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி இலகுவாகக் கழுவுப்படும்.

விறகு இரண்டு வகையாக வேண்டும். பாலைப் பொங்கவைக்கத் தென்னம்பாளை, பன்னாடை, காய்ந்த மட்டை. இவை உடனே பற்றி உயரமான நெருப்புக் கொடுக்கும். அரிசி வேகக் கட்டை விறகோ ஊமலோ (காய்ந்த பனங்கொட்டை). தை மாதத்திலும் மழை விழும் என்பதால் எல்லாவற்றையும் மூன்று நாள் முன்பே குசினிக்குள் எடுத்து வையுங்கள். ஈர விறகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நாற்றம் பொங்கலில் ஏறும். கற்பூரத்தால் பற்றவையுங்கள்.

முற்றம்

கிழக்கு வெளிக்கும் இடம் பாருங்கள். மதிலோ மாடி வீடோ மறைத்தால் சற்றுத் தள்ளி வைக்கலாம். முதல்நாள் கூட்டி, பின்னேரம் சாணம் தெளித்து மெழுகுங்கள். மாடில்லாத ஒழுங்கைகளும் இப்போது உண்டு, சாணத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விடியமுன் உலக்கையை நான்கு பக்கமும் கிடத்தி அரிசிமாவால் சதுரம் போட்டு, நடுவில் கோலமிட்டு, மூன்று அடுப்புக்கல் வைப்பார்கள். நிலம் ஈரமாக இருந்தால் கல்லுக்குக் கீழே ஆற்றுமணலோ பழைய செங்கல்லோ போடுங்கள். இல்லாவிட்டால் பானை ஏறியதும் ஒரு கல் புதையும், பானை சரியும். நிறைகுடத்துக்கு மாவிலை ஐந்து அல்லது ஏழு, முடியுள்ள தேங்காய் ஒன்று. பக்கத்தில் குத்துவிளக்கும், அறுகம்புல் குத்திய மஞ்சள் பிள்ளையாரும்.

தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பொங்குகிறவர் கிழக்கே பார்த்து நிற்பதால் புகை முழுக்க அவர் முகத்தில்தான். வடக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தைச் சாய்த்து வையுங்கள். ஆஸ்மா உள்ளவர்களையும் வயதானவர்களையும் தென்மேற்கு மூலையில் இருத்த வேண்டாம்.

பொங்கும்போது

சூரியன் காலை 6.30 மணியளவில் எழும். ஐந்து லீற்றர் பானை கொதிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே ஐந்தே முக்காலுக்காவது அடுப்பு எரிய வேண்டும். பானைக்கு விபூதி, சந்தனம், குங்குமம் வைத்து, கழுத்தில் இஞ்சி மஞ்சள் இலையும் மாவிலையும் கட்டுங்கள். கட்டு உயரத்தில் இருக்கட்டும், தாழ இறங்கினால் நெருப்பில் கருகும்.

தேங்காய்ப்பாலை மூன்றாகப் பிழிந்து வைத்திருக்க வேண்டும். முதற்பால் ஒரு கோப்பையைத் தனியே மூடி வையுங்கள், அது கடைசிக்கு. இரண்டாம் பாலும் மூன்றாம் பாலான கப்பிப்பாலும் பசுப்பாலும் தண்ணீரும் சேர்ந்து பானையில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். இதைவிடக் குறைத்தால் நுரை எழும்பி எழும்பி அடங்குமே தவிர வழியாது. பசுப்பால் சேர்ப்பதும் நுரைக்காகத்தான். கிழக்கே வழிந்தால் நல்லது என்பார்கள். கிழக்குப் பக்கத்துக் கல்லை ஒரு மயிரிழை பதித்து வைக்கும் அம்மாமாரும் உண்டு. சூரியபகவான் இதுவரை முறையிட்டதாகத் தெரியவில்லை.

வழிந்ததும் வெடி கொளுத்துவார்கள். ஒழுங்கைக்குப் போய்க் கொளுத்துங்கள், கிடுகு வேலிக்கு அருகில் வேண்டாம். அயலில் வெடிச்சத்தத்துக்கு இன்றும் துணுக்குறுகிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

அடுத்தது எல்லோரும் தவறவிடும் இடம். அரிசி போடுமுன் பானையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை லீற்றரை அகப்பையால் அள்ளி வேறொரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். எடுக்காவிட்டால் பொங்கல் கஞ்சியாகும், அல்லது அரிசி போட்டதும் பொங்கிப் பொங்கி அடுப்பையே அணைத்துவிடும். இறுக இறுக அதையே சூடாகத் திரும்ப விடலாம். பச்சைத்தண்ணீர் விட்டால் மண்பானைக்கு ஆபத்து.

கழுவி அரை மணித்தியாலம் ஊறிய அரிசியைக் குடும்பத்தில் மூத்தவர் இரு கையாலும் அள்ளி, பானையை மூன்று முறை சுற்றிப் போடுவார். அடுத்து மற்றவர்கள், பிள்ளைகளும் சேர்த்து. சுற்றும்போது சேலைத்தலைப்பு, வேட்டி நுனி, பிள்ளைகளின் பட்டுப்பாவாடை எல்லாவற்றையும் சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள். காணொளி எடுப்பவர் அதைக் கவனிக்கமாட்டார். மீதி அரிசியும் பயறும் போட்டபின் பாளையை இழுத்துவிட்டு, கட்டை நெருப்பில் நாற்பது நிமிடமளவில் வேகவிடுங்கள். அடிக்கடி அடிவரை அகப்பை போட வேண்டும்.

ஓர் அரிசியை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைக் குறுணி இல்லாமல் மசிய வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முன்னே போட்டால் அரிசி அதோடு இறுகிவிடும், எத்தனை விறகு எரித்தாலும் வேகாது, பசுப்பாலும் திரையக்கூடும். சர்க்கரைப் பாகு சேர்ந்து பத்து நிமிடம் கழித்து முதற்பாலை விட்டு, ஒரு கொதி வருமுன் விறகை இழுத்துவிடுங்கள். முதற்பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். கஜு, முந்திரிகை வற்றலை நெய்யில் பொரித்து ஏலக்காயோடு போட்டுக் கிளறி இறக்குங்கள். இளகலாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், ஆறினால் இறுகும்.

தலைவாழையிலையில் பொங்கல், மேலே நெய்யும் தேனும், கதலி அல்லது கப்பல் வாழைப்பழம், கரும்பு, வெற்றிலை பாக்கு. கற்பூரம் காட்டி, தேவாரம் பாடி, விழுந்து கும்பிட்டால் படையல் முடிந்தது. ருசி பார்ப்பது அதற்குப் பிறகுதான். பேரப்பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆண்கள் அப்படியே நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குப் போவதென்றால் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம், வேட்டி கட்டிக்கொள்வது நல்லது.

பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி. கூட்டம் கடுமையாக இருக்கும். வாகனத்தைத் தூரத்தில் விட்டுவிட்டு நடக்கத் தயாராகப் போங்கள். மறுநாள் பட்டிப்பொங்கல். மாடுள்ள வீடுகளில் மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கொட்டிலடியில் பொங்குவார்கள். சாணம் தந்த வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போகலாம்.

விடுமுறை இடம் கொடுத்தால் தைப்பூசம்வரை நில்லுங்கள். 2026இல் அது பெப்ரவரி 1. அந்த நாளையொட்டித்தான் வீடுகளில் புதிர் எடுப்பார்கள்: முற்றிய கதிர் கொஞ்சம் அறுத்து வந்து, குற்றி, புதிய அரிசியில் சமைத்து உண்பார்கள். நல்லூர்க் கோவிலுக்கு மறவன்புலவில் உள்ள கோவில் வயலிலிருந்து நெற்கதிர் வரும், பூசத்துக்கு முதல்நாள். பொங்கலில் புது அரிசி எங்கே என்று கேட்ட பிள்ளையை அன்று கூட்டிப்போங்கள்.