சின்னப் பிள்ளைகளுக்கு மல்யுத்தம், ஜூடோ: பிடிக்கு முன்னால் விழப் பழக்குங்கள்

நான்கிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால், வீட்டிலேயே ஆறேழு வாரம் செய்யக்கூடிய பயிற்சி இது. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும்.

எந்தக் கலை என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக்குக் கீழே என்றால், எதிராளியைப் பிடித்து ஆடும் மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு இவற்றில் ஒன்று. குத்து, உதை உள்ள கலைகளில் எதிராளிமேல் பலத்தை அடக்கித்தான் பிரயோகிக்க வேண்டும். அந்த அடக்கம் இந்த வயதில் கைக்கு வராது. கட்டிப்பிடித்துத் தள்ளும்போது பலத்தை முழுசாகப் போடலாம், எதிர்ப்பு என்றால் என்ன என்று உடம்புக்கும் தெரியும். கராத்தேயோ டேக்வாண்டோவோ பிறகு சேர்க்கலாம், தலையில் அடிக்க விடாத வகுப்பாகப் பார்த்து.

படி 1: இடம்

ஒன்றோடொன்று கோக்கும் நுரை மேட், 4 செ.மீ. தடிமன், இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். சுற்றிலும் ஒரு மீட்டருக்குச் சுவரோ மேசைக்காலோ இருக்கக்கூடாது. 2 செ.மீ. மேட் உருளப் போதும், விழப் போதாது. கட்டில் மெத்தை வேண்டவே வேண்டாம். கால் உள்ளே அமுங்கி, உடம்பு திரும்பும்போது கணுக்கால் மாட்டிக்கொள்ளும். தரையைக் கையால் தட்டும் உணர்வும் அதில் கிடைக்காது. மேட் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் கால்விரல் சிக்கும். ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன் இறுக்கிவிடுங்கள்.

படி 2: விழுவது

அதிக நேரம் இதற்குத்தான். பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போவதும் இதைத்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு பார்க்கும்போது தலை பெரிது, கழுத்து பலவீனம். பின்னால் சாயும்போது தலை கடைசியில் வேகமாகத் தரையில் மோதும். அதைவிட அடிக்கடி நடப்பது, விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது. அது தானாக வரும் செயல். உடம்பு எடை முழுக்க நீட்டிய கைவழியே ஏறி மணிக்கட்டிலோ முழங்கைக்குச் சற்று மேலேயோ எலும்பு முறியும். ஐந்து, ஆறு வயதில் முழங்கை முறிவுக்கு முக்கியமான காரணமே இந்த ஊன்றல்தான்.

"கையை ஊன்றாதே" என்று சொல்லிப் பயனில்லை. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். வரிசை இப்படி:

முதலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு சாக்ஸை மடித்துத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்து, கீழே விழாமல் இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கண் தொப்புளைப் பார்க்கட்டும். தலை தரையில் படாது. பத்து எண்ணும்வரை தாங்கினால் போதும். முதல் வாரம் ஐந்து எண்ணுவதற்குள் கழுத்து நடுங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது உட்கார்ந்தபடி. சாக்ஸ் தாடைக்கடியில் இருக்கட்டும். இரண்டு கையாலும் ஒரு மெத்தென்ற பந்தையோ பொம்மையையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைத்துப் பின்னால் உருண்டு திரும்பி வரட்டும். கையில் பொம்மை இருப்பதால் பின்னால் ஊன்ற முடியாது. பொம்மை கைநழுவினால் இந்தக் கட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஆறு தடவை.

பிறகு குந்திய நிலையிலிருந்து. இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும். பின்னால் எம்பிக் குதித்து, பொத்தென்று உட்கார்ந்துவிடும். அதிர்ச்சி நேரே முதுகெலும்பில் ஏறும். குதிகாலை ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு நாடாவை ஒட்டி, "பின்பக்கம் இந்தக் கோட்டில் படணும்" என்று காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இவ்வளவும் வந்த பிறகுதான் பொம்மையை எடுத்துவிட்டுத் தட்டப் பழக்குவது. இரு கையும் நெஞ்சின் குறுக்கே. முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் உள்ளங்கையும் முன்னங்கையும் சேர்ந்து தரையில் தட்ட வேண்டும். உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகல். கை தோள் உயரத்துக்கு விரிந்தால் தோள்மூட்டு இழுபடும், உடம்போடு ஒட்டினால் முழங்கை அடியில் மாட்டும். வெறும் உள்ளங்கை மட்டும் பட்டால் அது பழைய ஊன்றல்தான்.

நின்றபடி விழுவது கடைசி. குந்தி விழுவது பத்துக்குப் பத்தும் சரியாக வராமல் அதைத் தொடாதீர்கள்.

பக்கவாட்டில் விழுவதற்கும் இதே வரிசைதான். எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தக் கை தட்டும். கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. முழங்கால் முழங்காலில் இடித்தால் ஒரு வாரத்துக்கு மேட் பக்கமே வரமாட்டார்கள். உச்சந்தலையை ஊன்றிப் போடும் குட்டிக்கரணம் வேண்டாம். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக உருளட்டும், அதுவும் மண்டியிட்ட நிலையிலிருந்து.

படி 3: விளையாட்டு

விழும் பயிற்சியோடு முதல் நாளிலிருந்தே இதையும் சேர்க்கலாம். இரண்டே விதிகள். யாராவது இரண்டு தடவை தட்டினால், அல்லது "போதும்" என்றால், அந்த நொடியே விட வேண்டும். கழுத்து, முடி, விரல் மூன்றையும் பிடிக்கக்கூடாது. முதல் விதியை நீங்கள் தட்டி, பிள்ளை விடுவதிலிருந்து பழக்குங்கள். எதிராளி சொன்னதும் நிறுத்தத் தெரியாத பிள்ளையை யாரோடும் ஜோடி சேர்க்க முடியாது.

வால் பறிப்பு: இடுப்பின் பின்னால் ஒரு கைக்குட்டையைச் செருகி, ஒருவர் வாலை மற்றவர் பறிப்பது. காலை நகர்த்தும் பழக்கமும் எதிராளியின் பின்பக்கம் சுற்றிப்போகும் பழக்கமும் இதில் வந்துவிடும். மல்யுத்தத்தில் பாதி அதுதான்.

முழங்கால் தொடல்: தன் முழங்காலைக் காத்துக்கொண்டு எதிராளியின் முழங்காலைத் தொடுவது. தலை நிமிர்ந்து, இடுப்பு தாழ்ந்து, ஒரு கால் சற்று முன்னால் இருக்க வேண்டும். குனிந்து தரையைப் பார்த்தால் இரண்டு தலையும் மோதும். "கண் என் நெஞ்சைப் பார்க்கட்டும்" என்று சொன்னால் சரியாகிவிடும்.

ஆமை: ஒருவர் மண்டியிட்டுச் சுருண்டுகொள்வார், மற்றவர் புரட்டிப் போடுவார். உடனே குறும்புக்காரர்கள் முதுகில் ஏறிக் குதிப்பார்கள். முழங்கால் தரையை விட்டு எழக்கூடாது என்று விதி வைத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றும் 20 முதல் 30 வினாடி, பிறகு மூச்சு வாங்க அதே அளவு நேரம். ஜோடி சேர்க்கும்போது வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். 20 கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோவுக்குமேல் வித்தியாசம் வேண்டாம். பெரியவர் எதிராளி என்றால் மண்டியிட்டே ஆடுங்கள், மூன்றில் இரண்டு தடவை தோற்றுவிடுங்கள், ஆனால் சும்மா விட்டுக்கொடுக்காதீர்கள். சரியாகச் செய்தபோது மட்டும் விழுங்கள்.

படி 4: முதல் பிடி

சொல்லிக்கொடுக்காவிட்டாலும் எல்லாப் பிள்ளையும் முதலில் பிடிப்பது கழுத்தைத்தான். அக்குளில் தலையை இறுக்கிக்கொண்டு இருவரும் சாய்வார்கள், மேலே இருப்பவரின் எடை கீழே இருப்பவரின் கழுத்தில் இறங்கும். மல்யுத்த விதியிலேயே ஒரு கையைச் சேர்க்காமல் தலையை மட்டும் கட்டுவது தப்பு. வீட்டில் இன்னும் கறாராக, தலையை அறவே விட்டுவிடுங்கள். எதிராளியின் அக்குளுக்கடியில் ஒரு கை, இடுப்பைச் சுற்றி ஒரு கை, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி மூன்று எண்ணும்வரை அமுக்குவது. ஒரு மாதத்துக்கு இந்தப் பிடி ஒன்றே போதும். தூக்கிப்போடுவது வகுப்பில் பயிற்சியாளர் முன்னால் மட்டும்.

படி 5: வகுப்பு தேடுவது

சேர்ப்பதற்கு முன் ஒரு முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள்: 45 நிமிடத்தில் எத்தனை நிமிடம் ஓடியாடியது, எத்தனை நிமிடம் வரிசையில் நின்றது? பாதிக்குமேல் நிற்கிறது என்றால் வேறு இடம் பாருங்கள்.

பிள்ளையின் கால்களை விரித்து யாராவது மேலே அமுக்கினால், தண்டனையாக மூடிய முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்கச் சொன்னால், கழுத்து நெரிக்கும் பிடிகளைச் சின்னவர்களுக்குக் காட்டினால், அன்றே வந்துவிடுங்கள். எடை குறைக்கச் சொல்வதும் அந்தக் கணக்கில்தான். ஜப்பானில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய தனிநபர் ஜூடோ போட்டியை அந்நாட்டு ஜூடோ கூட்டமைப்பே 2022-இல் நிறுத்திவிட்டது. வெற்றி வெறியில் பெரியவர்கள் எல்லை மீறியதும், பிள்ளைகளை எடை குறைக்க வைத்ததும் அதற்குக் காரணம். ஜூடோ பிறந்த நாட்டிலேயே இந்த நிலை.

உடை, சுத்தம்

ஜூடோ உடை உயர அளவில் வரும்: 110, 120, 130 செ.மீ. பருத்தி சுருங்கும், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். சுடுதண்ணீரில் துவைக்க வேண்டாம். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், தரையில் புரண்டால் தானே மிதித்து விழும். மல்யுத்தக் காலணி முதல் வருடம் வீண்செலவு. பல் விழுந்து முளைக்கும் வயதில் வெந்நீரில் போட்டு வார்க்கும் பல்காப்பு மலிவானதே போதும், சில மாதத்தில் பொருந்தாமல் போய்விடும்.

நகத்தை முந்தின இரவு வெட்டுங்கள். வகுப்பன்று வெட்டினால் ஓரம் கூர்மையாக இருந்து கீறும். வீடு வந்ததும் குளியல், உடை உடனே துவைக்க. மேட்டை விட்டு இறங்கினால் செருப்பு. வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்த தடிப்பு தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வகுப்பு வேண்டாம், அது மற்ற பிள்ளைகளுக்கும் எளிதில் பரவும்.

பின்சேர்ப்பு

வீட்டில் குதிக்கும் பிள்ளை வகுப்பில் மேட்டில் ஏற மறுத்து அழுவது அடிக்கடி நடக்கும். தூக்கி உள்ளே விடாதீர்கள். முதல் நாள் மேட் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், இரண்டாம் நாள் உடம்பைச் சூடாக்கும் ஓட்டத்தில் மட்டும் கலந்துகொள்ளட்டும், மூன்றாம் நாள் விழும் பயிற்சி வரை. அது ஏற்கெனவே தெரிந்த வேலை என்பதால் அந்த இடத்தில் தயக்கம் விட்டுப்போகும். நான்கு வாரம் கழித்தும் அழுதால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கண்ணாடி போடும் பிள்ளைகள் பிடிபோடும் கலைகளில் கண்ணாடியைக் கழற்றிவிட்டே ஆடலாம், தூரப் பார்வை அதிகம் தேவைப்படாது. பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் செய்துகாட்டும்போது முன்வரிசையில் உட்கார வையுங்கள்.