உறுதியான டிக்கெட் இருந்தும் 'சீட் இல்லை' என்றால்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிங் போடுவார்கள். தையலிலும் செக்கிங்கிலும் கழிவது போக எண்ணிக்கை நிற்க வேண்டுமே. விமானக் கம்பெனிகள் ஓவர்புக்கிங் செய்வதும் இதே கணக்குதான். 180 சீட் விமானத்தில் நூற்றுக்கு 5 பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 186 டிக்கெட் விற்றால் சராசரியாக 177 பேர் வருவார்கள். பத்துத் தடவைக்கு ஏறக்குறைய ஒரு தடவை 180-ஐத் தாண்டிவிடும். கிளம்பிய விமானத்தின் காலி சீட்டால் காசு வராது என்பதால் அந்த ஒரு தடவையை அவர்கள் துணிந்து ஏற்கிறார்கள். ஆனால் மிஞ்சிய பனியனை செகண்ட்ஸில் விற்றுவிடலாம், மிஞ்சிய ஆளை அப்படித் தள்ள முடியாது.

அதனால்தான், விரும்பி விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968-இல் சொன்ன யோசனை இது. எங்கள் பார்வையில் நியாயமான வழியும் இது ஒன்றுதான்: விலையைச் சொல்வது சீட்டுக்குரியவர். அவசரமில்லை என்றால் பேரம் பேசுங்கள். தலையாட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: அடுத்த விமானத்தில் சீட் உறுதியா, பணமா வவுச்சரா, இரவு தங்க வேண்டியிருந்தால் அறை யார் செலவு?

விருப்பமில்லாமல் இறக்கிவிட்டால் கணக்கு வேறு. உங்கள் விமானம் கிளம்பவேண்டிய நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் கொடுத்தால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் 2 மடங்கு, உச்சவரம்பு ₹10,000. அதற்கும் மேல் போனால் 4 மடங்கு, உச்சவரம்பு ₹20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுதும், அதோடு இந்த 4 மடங்கும். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து ₹4,000 என்றால் ₹8,000 அல்லது ₹16,000 வரும். டிக்கெட்டின் மொத்த விலையைப் பெருக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். வரியும் விமான நிலையக் கட்டணமும் இதில் சேராது.

பெரும்பாலும் கோட்டைவிடுவது நேரத்தில்தான். உள்நாட்டுப் பயணத்துக்குக் கவுண்டர் 60 நிமிடம் முன்பே மூடும். கரூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வந்து அவிநாசி ரோட்டு நெரிசலில் மாட்டி, பீளமேட்டிலுள்ள கோவை விமான நிலையத்தில் விமானம் கிளம்ப 50 நிமிடம் இருக்கும்போது போய் நின்றால் 'தாமதம்' என்று பதிவாகும், இழப்பீடு போச்சு. வெப் செக்-இன் திறந்ததுமே முடித்துவிடுங்கள். கடைசியாக செக்-இன் செய்பவர்தான் பெரும்பாலும் முதலில் மாட்டுவார். கவுண்டரில் நிற்கும்போதே நேரம் தெரிய ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

'சீட் இல்லாததால் ஏற்றவில்லை' என்று எழுத்தில் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். வாய்ப்பேச்சோடு வந்தால் பிறகு 'வரவில்லை' என்று பதிவு இருக்கும். அதே பிஎன்ஆரில் உள்ள திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகலாம். வவுச்சர் வேண்டாம் என்றால் அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கம்பெனி மசியவில்லையா? விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் பதியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ₹5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. டிக்கெட், போர்டிங் பாஸ், எழுதி வாங்கிய தாள், கைக்காசில் கட்டிய அறை, டாக்ஸி பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.